கீழ்த்தளத்துக் கசிவுக்கு உள்பக்கமே ஒரு வாய்க்கால்: செய்து பார்த்த அனுபவம்

எங்கள் வீடு வேலூர் சத்துவாச்சாரி மலையடிவாரத்தில். சரிவான மனை என்பதால் அடியில் ஓர் அறை கிடைத்தது. அதன் தரை தெருவைவிட 4 அடி பள்ளம். அங்கே தச்சுப் பட்டறை போட்டிருக்கிறேன். ஐப்பசி மழை பிடித்தால் சுவரும் தரையும் சேரும் இடத்தில் தண்ணீர் கசிய ஆரம்பிக்கும். சுவரில் உப்பு பூக்கும், உளியும் இழைப்புளியும் துருப்பிடிக்கும்.

உள்பக்கம் அடிக்கும் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் இதற்குத் தாங்காது. சுவருக்கு வெளியே 1 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அடியில் சதுர மீட்டருக்கு 1 டன் அழுத்தம். பூச்சைப் பின்னாலிருந்து தள்ளிப் பொருக்குப் பொருக்காகக் கழற்றிவிடும். வெளியே தோண்டிப் பூசுவதுதான் சரியான முறை, ஆனால் எங்கள் பின்சுவரை ஒட்டியே பாறை. அதனால் அடைப்பதை விட்டு, வருகிற தண்ணீரை அங்கேயே பிடித்து வெளியே அனுப்ப முடிவு செய்தேன். 2021 நவம்பரில் கோட்டை அகழி நிரம்பி ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்கள் நாம். போக்கு இல்லாத தண்ணீர் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில் ஒரு சோதனை. சுவரில் அலுமினியத் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி விட்டுவைத்தேன். வெளிமுகத்தில் ஈரம் படிந்தால் அது அறைக் காற்றின் ஈரம், உள்முகத்தில் படிந்தால் கசிவு. எனக்கு உள்முகம்தான் நனைந்தது.

தரையை உடைக்கும் வேலையை நிலத்தடி நீர் இறங்கியிருக்கும் பங்குனியில் வைத்துக்கொண்டோம். சுவர் ஓரமாக 30 செ.மீ. அகலத்துக்கு பிரேக்கரால் உடைத்துப் பள்ளம் எடுத்தோம். கடைக்காலின் அடிமட்டத்துக்குக் கீழே மட்டும் தோண்டவே கூடாது. ஒரே மூச்சில் சுற்றிலும் எடுக்காமல், கொஞ்சம் எடுத்து, ஜல்லி போட்டு, அப்புறம் அடுத்த துண்டுக்குப் போவதுதான் கருங்கல் சுவருக்குப் பத்திரம்.

பள்ளத்தில் ஜியோ டெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் வடிதுணி), அதன்மேல் கழுவிய 20 மி.மீ. ஜல்லி, அதன்மேல் 110 மி.மீ. துளை போட்ட பி.வி.சி. பைப். துளை மேலே பார்க்க வேண்டும் என்றுதான் மேஸ்திரியும் சொன்னார். நான் கீழ்நோக்கி வைக்கச் சொன்னேன். தண்ணீர் அடியிலிருந்துதான் ஏறி வரும். துளை கீழே இருந்தால் குறைந்த மட்டத்திலேயே பைப்புக்குள் புகுந்துவிடும். வாட்டம் 100-க்கு 1. 10 மீட்டர் ஓட்டத்துக்கு 10 செ.மீ. இறக்கம், டியூப் லெவல் வைத்துப் பார்த்தது. துணியை மேலே மடித்து மூடிய பிறகே கான்கிரீட்.

சுவரின் அடி வரிசையில், கல்லைத் தொடாமல் இடுக்குக் கலவையில் மட்டும் துளை போட்டோம். கோடை மழை பெய்த மறுநாள். “சார், தள்ளி நில்லுங்க” என்று மேஸ்திரி டிரில்லை இழுத்ததும், விரல் தடிமனுக்குச் செம்மண் தண்ணீர் பீய்ச்சி அடித்து மெதுவாகச் சொட்டானது. இத்தனை நாள் சுவருக்குப் பின்னால் அடைந்து கிடந்த தண்ணீர்.

பைப் வந்து சேரும் மூலையில் 2 அடி விட்டத்தில் சிமெண்ட் உறை இறக்கிச் சம்ப் (தண்ணீர் சேரும் குழி) கட்டினோம். உள்ளே அரை ஹெச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார், தண்ணீர் ஏறினால் அதைத் தானே ஓடவிடும் ஃப்ளோட் சுவிட்ச். டெலிவரி பைப்பில் என்.ஆர்.வி. (ஒருவழி வால்வு) கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் ஏறிய தண்ணீரே திரும்பி இறங்கி, மோட்டார் சும்மா சும்மா கிளம்பி நிற்கும். பெருமழையில்தான் கரண்ட் போகும் என்பதால் இன்வெர்ட்டரிலும் இணைத்திருக்கிறேன். இன்வெர்ட்டர் வாங்கும்போது மோட்டார் ஓடுகிற வாட்டைப் பார்த்தால் போதாது, கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும்.

வெளியேறும் தண்ணீர் மனையின் தாழ்ந்த கோடியில் இருக்கும் கிணற்றுக்குப் போகிறது. சித்திரையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊரில் அதைச் சாக்கடையில் விட மனம் வரவில்லை.

கார்த்திகை அடைமழையில் தரை காய்ந்தே இருந்தது. சம்புக்கு வரும் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வைத்துப் பார்த்தேன்: முதல் மழையில் வண்டல் படிந்தது, பிறகு தெளிந்துவிட்டது. வண்டல் நிற்காமல் வந்தால் கடைக்கால் மண் அரிக்கிறது என்று அர்த்தம், உடனே கவனிக்க வேண்டும்.

வடகிழக்கு மூலையில், சுவரின் நடுமட்டத்தில் மட்டும் இன்னும் ஓர் ஈரத் திட்டு தெரிகிறது. அடுத்த பங்குனியில் அங்கே டிம்பிள் ஷீட் (குமிழ் குமிழான பிளாஸ்டிக் தாள்) அடித்து, அதன் அடிநுனியை ஜல்லிக்குள் விடப்போகிறேன்.