உதவித்தொகை நோட்டு

2011 ஜூன், பள்ளி திறந்த முதல் வாரம். ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் அந்த ஆண்டுக்கான பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நூலகம், ஜே.ஆர்.சி. என்னும் இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், விளையாட்டு விழா, பாடநூல் விநியோகம் என்று ஆளுக்கொன்றாகப் போய்க் கடைசியில் உதவித்தொகை மிஞ்சியது. எல்லோரும் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்கள். "கணக்கு டீச்சர், நீங்க பாருங்கம்மா. இதுவும் கணக்குதானே" என்றார். சரி என்றேன். அன்று சாயங்காலமே ஒரு நீள நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். பிள்ளையின் பெயர், வகுப்பு, சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு. ஆதாரும், கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் தரும் எமிஸ் எண்ணும் பிறகு வந்து சேர்ந்த கட்டங்கள்.

விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி எங்களுடையது. ஆறிலிருந்து பத்து வரை, சுமார் 180 பிள்ளைகள். பாதிப் பேரின் வீட்டில் விவசாயக் கூலி. மீதியில் கணிசமானோர் பொங்கல் கழிந்ததும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். முன்பணம் வாங்கியிருப்பார்கள், போகாமல் முடியாது. பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுப் போனால் எங்களுக்கு நிம்மதி. கூட அழைத்துப் போனால் ஜூனில் திரும்பி வருமா என்று தெரியாது.

பொறுப்பை ஏற்ற புதிதில், அரசிடம் பணம் இல்லாததுதான் பிரச்சினை என்று நினைத்திருந்தேன். ஓராண்டிலேயே அந்த நினைப்பு மாறிவிட்டது. திட்டங்கள் இருந்தன. ஆதிதிராவிடர், பழங்குடியினப் பிள்ளைகளுக்கு ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் கல்வி உதவித்தொகை. அந்தப் பிரிவுகளின் பெண்பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போதே 500 ரூபாய் ஊக்கத்தொகை, ஆறாம் வகுப்பில் 1,000. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்றால், பெற்றோர் வருமானம் வரம்புக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை முதலில் மாதம் 500 ரூபாய், 2017 முதல் மாதம் 1,000 வீதம் ஆண்டுக்கு 12,000. வீட்டில் சம்பாதிக்கும் அப்பாவோ அம்மாவோ விபத்தில் இறந்தால் பிள்ளையின் பெயரில் வைப்புத்தொகை, அது பின்னாளில் 75,000 ரூபாய் ஆனது. ஒவ்வொன்றுக்கும் அரசாணை இருக்கிறது, ஒதுக்கீடும் இருக்கிறது. என் நோட்டில்தான் கட்டங்கள் காலியாக இருந்தன.

மூன்று நான்கு ஆண்டுப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. ஊரில் கொஞ்சம் நிலம் உள்ள வீடு, அண்ணன் டிப்ளமோ படித்த வீடு, சித்தப்பா பஞ்சாயத்து அலுவலகத்தில் வேலை பார்க்கும் வீடு, இவற்றின் வரிசையில் எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்திருக்கும். சூளைக்குப் போகும் வீட்டின் வரிசையில் பெயரும் வகுப்பும் மட்டும். எந்த வீட்டுக்குப் பணம் அதிகம் தேவையோ அந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் தாள்கள் குறைவு. இதை நான் ஆராய்ந்து கண்டுபிடிக்கவில்லை, நோட்டைத் திறந்தாலே கண்ணில் படும்.

வருமானச் சான்றை எடுத்துக்கொள்ளுங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், போட்டோ எல்லாம் வேண்டும். ஆதாரில் ஓர் எழுத்து, ரேஷன் கார்டில் ஓர் எழுத்து என்று பெயர் இருந்தால் முதலில் அதைத் திருத்தியாக வேண்டும். பிறகு கிராம நிர்வாக அலுவலர் பார்த்து, வருவாய் ஆய்வாளர் பார்த்து, வட்டாட்சியர் ஒப்புதல் தர வேண்டும். அலுவலகம் அலுவலகமாக நடக்கத் தெரிந்தவருக்கு இது நாலு நாள் வேலை. நாற்று நடப் போகும் அம்மாவுக்கு நாலு நாள் கூலி போய்விடும், அதற்குப் பிறகும் முடியாது. அத்தனையும் முடித்து வாங்கிய சான்று மறு ஆண்டு செல்லாது. ஓராண்டில் கூலிக்காரர் வருமானம் எங்கே உயர்ந்துவிடப் போகிறது என்று எத்தனையோ முறை எனக்குள் கேட்டிருக்கிறேன்.

வங்கிக் கணக்கின் கதை தனி. முன்பெல்லாம் பணம் பள்ளிக்கே வரும், பட்டியலில் கையெழுத்து வாங்கிக் கையில் கொடுப்போம். அதில் நடக்கக்கூடிய தவறுகளைத் தடுக்கத்தான் நேரே கணக்கில் போடும் முறை வந்தது. வர வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பாட்டி ஓராண்டு முழுக்க "பணம் வரலியே டீச்சரம்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இணையதளத்தில் பார்த்தால் 'செலுத்தப்பட்டது' என்று காட்டுகிறது. வங்கியில் போய்க் கேட்டால் வரவில்லை என்று பாஸ்புக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எங்கே சிக்கியது என்று பிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. அந்தப் பெண்ணின் ஆதாரோடு கடைசியாக இணைத்தது எந்தக் கணக்கோ அதில்தான் பணம் போய் விழும். பள்ளியில் நடந்த முகாமில் அஞ்சலகக் கணக்கு ஒன்று தொடங்கியிருந்தார்கள். அது வீட்டில் யார் நினைவிலும் இல்லை. பணம் அங்கே பத்திரமாக இருந்தது. தபால்காரர் கைக்கருவியை நீட்ட, பேத்தி விரலை வைத்தாள். பாட்டி நோட்டுகளை எண்ணவில்லை. இரண்டு கையிலும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். இந்த உண்மையைப் பக்கத்துப் பள்ளிகளின் பொறுப்பாசிரியர்களுக்கும் போனில் சொன்னேன். அவர்களிடமும் இதேபோல் நான்கைந்து பிள்ளைகள் இருந்தார்கள்.

விபத்து நிதியில் நான் கண்டது வேறு மாதிரி. எட்டாம் வகுப்புப் பையனின் அப்பா சென்னையில் கொத்து வேலை செய்தவர், சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். முதல் தகவல் அறிக்கை, உடற்கூறாய்வு அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் சேர்க்க அவன் அம்மா இரண்டு முறை சென்னை போய் வந்தார். இறுதியில் 75,000 ரூபாய் அவன் பெயரில் வைப்பானது. அதே ஆண்டு அதே வகுப்பில் இன்னொருவனின் அப்பா மஞ்சள் காமாலையில் போனார். விபத்தாக இருந்தால் மட்டுமே நிதி என்பது விதி. அவன் அம்மாவிடம் அதைச் சொல்ல வேண்டியவள் நான். "ரெண்டு பேருக்கும் அப்பா இல்லதானே டீச்சர்" என்றார். அந்த விதியை மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு மீளாய்வுக் கூட்டத்திலும் எழுதிக் கொடுக்கிறேன். வீட்டில் வருமானம் நின்றுபோனால் பிள்ளையின் படிப்பு நிற்கும் என்பதுதான் அந்தத் திட்டத்தின் அடிப்படை. அப்படியிருக்க, இறந்த காரணத்தை ஏன் பார்க்க வேண்டும்?

இவ்வளவையும் எழுதும்போது என் தட்டுதான் நினைவுக்கு வருகிறது. 1982இல் நான் ஒன்றாம் வகுப்பு. அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். அரசு கிராமப் பள்ளிகளில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. 1950களில் காமராஜர் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் அதற்கு முன்பே இருந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வயிறு நிறையச் சோறு வந்தது 82இல்தான். அம்மா ஒரு அலுமினியத் தட்டு வாங்கி, அடியில் ஆணியால் என் பெயரின் முதல் எழுத்தைக் கீறிக் கொடுத்தார். வரிசையில் நின்றோம், போட்டார்கள், சாப்பிட்டோம். உன் அப்பா என்ன சம்பாதிக்கிறார், சான்று எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நாட்டாமை வீட்டுப் பிள்ளையும் அந்த வரிசையில் நின்றான். கேட்டிருந்தால் எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் இல்லை, என் தட்டில் சோறு விழுந்திருக்காது.

பாடநூல், எட்டாம் வகுப்பு வரை சீருடை, சத்துணவு, பஸ் பாஸ், பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் ஆகியவை எங்கள் பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோரையும் எட்டுகின்றன. அரசுப் பள்ளியில் படிக்கிறாய் என்பதே தகுதி, அதற்கு வருகைப் பதிவேடே சாட்சி. வருமானம் பார்த்துத் தரும் தொகைகள்தான் வழியில் சிந்திவிடுகின்றன. பணக்காரப் பிள்ளைக்கும் போய்விடுமே என்ற கவலையில் போட்ட வேலி, ஏழைப் பிள்ளையைத்தான் வெளியே நிறுத்துகிறது. எங்கள் பள்ளியில் படிக்கும் பணக்காரப் பிள்ளையை நான் இன்னும் பார்த்ததில்லை.

காலை உணவுத் திட்டம் வந்தபோது இதையே மறுபடி கண்ணால் பார்த்தேன். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் தொடக்கப் பள்ளி. காலையில் உப்புமாவோ கிச்சடியோ தாளிக்கும் வாசனை எங்கள் எட்டாம் வகுப்பு வரை வரும். அங்கே திங்கட்கிழமை வருகை கூடிவிட்டது என்று அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். 2024 ஜூனில் அவர்களிடம் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் எங்களிடம் ஆறாம் வகுப்புக்கு வந்தார்கள். முதல் வாரத்தில் ஒரு சிறுவன் தினமும் எட்டு மணிக்கே வந்து, மதிலோரம் நின்று அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். போன ஏப்ரல் வரை அவனுக்கு அங்கே தட்டு இருந்தது. திட்டம் ஐந்தோடு முடிகிறது, பசி ஆறாம் வகுப்பிலும் இருக்கிறது. அந்தத் தலைமையாசிரியை மீந்திருந்தால் கூப்பிட்டுக் கொடுப்பார். நான் மேசை டிராயரில் பிஸ்கட் வைத்துக்கொள்ளத் தொடங்கினேன். அது தீர்வில்லை என்று எனக்குத் தெரியும்.

பள்ளிக்கென்று வரும் மானியத்தைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தலையெண்ணிக்கைப்படி எங்களைப் போன்ற பள்ளிக்கு 50,000 ரூபாய் கணக்கு. சுண்ணாம்பு, மின் பழுது, குழாய், கழிவறைச் சுத்தம் என்று அது கரைந்துவிடும். அந்தத் திட்டத்தில் ஒன்றிய அரசு 2024-25இல் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தபோது, சென்னையிலும் டெல்லியிலும் நடந்த வாதங்களைச் செய்தியில் பார்த்தோம். இங்கே நாங்கள் ஒவ்வொரு செலவையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளினோம். எந்த மானியத்திலும், ஒரு பிள்ளையின் தாள்களை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக நடக்க ஒருவருக்குச் சம்பளம் என்ற தலைப்பு இல்லை. ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒருவர் போதும். அவர் சம்பளத்தைப்போல் பல மடங்கு பணம் பிள்ளைகளின் கைக்கு வந்து சேரும் என்று என் நோட்டை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்ட முடியும்.

நான் அதிகம் நடந்தது ஓர் இருளர் பெண்ணுக்காக. 2021இல் அவள் ஒன்பதாம் வகுப்பு. அம்மா அப்பா சூளையில், பாட்டியோடு ஏரிக்கரையில் குடிசை. உதவித்தொகைக்குப் பழங்குடிச் சான்று வேண்டும், அதைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விண்ணப்பித்தால், "அப்பாவுக்குச் சான்று இருக்கா?" என்று கேட்டார்கள். அப்பாவுக்கு இல்லை. அவருடைய அப்பாவுக்கும் இல்லை. அவர்கள் பள்ளிக்கே போகாதவர்கள், எதற்கு வாங்கியிருப்பார்கள்? முதல் விண்ணப்பம் போதிய ஆதாரமில்லை என்று திரும்பியது. இரண்டாவதற்கு விசாரணை என்றார்கள். விசாரணைக்கு வந்த நாளில் பாட்டி நண்டு பிடிக்கப் போயிருந்தார், வீடு பூட்டியிருந்தது என்று எழுதிவிட்டார்கள். அந்தக் குடிசைக்குப் பூட்டும் கிடையாது, கதவும் கிடையாது, ஒரு தட்டிதான். மூன்றாவது முறை நானே தற்செயல் விடுப்பு போட்டுவிட்டுப் பாட்டியை அழைத்துப் போனேன். வராந்தாவில் காலை பத்திலிருந்து நாலு வரை. பாட்டி ஒரு முறைகூட என்னிடம் எப்போது முடியும் என்று கேட்கவில்லை. காத்திருந்தே பழகியவர்.

சான்று 2023 ஜூலையில் வந்தது. அப்போது அவள் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் பதினொன்று. ஒன்பதுக்கும் பத்துக்கும் வர வேண்டிய பணம் வராமலே போயிற்று. முந்தைய ஆண்டுகளுக்கு விண்ணப்பிக்க வழியில்லை. அந்த இரண்டு ஆண்டும் அவள் விடுமுறை நாட்களில் பாட்டியோடு வயலுக்குப் போய்த்தான் நோட்டு வாங்கினாள்.

2025இல் கல்லூரியில் சேர்ந்தாள். செப்டம்பரில் ஒரு நாள் பள்ளிக்கு வந்து, போனை நீட்டிக் குறுஞ்செய்தியைக் காட்டினாள். புதுமைப் பெண் திட்டத்தில் 1,000 ரூபாய். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பது போதும், சாதியும் கேட்பதில்லை, வருமானமும் கேட்பதில்லை. "இதுக்கு எங்கயும் போவல டீச்சர், காலேஜ்லயே பதிஞ்சுட்டாங்க" என்றாள். ஒரு காகிதத்துக்காக இரண்டு ஆண்டு அலைந்தவள் அதைச் சொன்னபோது என்னால் உடனே பதில் பேச முடியவில்லை.

அவள் கூடவே தம்பியும் வந்திருந்தான். இந்த ஆண்டு எங்களிடம் ஆறாம் வகுப்பு. அவனுக்கான பக்கத்தை ஜூனிலேயே திறந்துவிட்டேன். அக்காவின் சான்று நகல் அதில் குத்தப்பட்டிருக்கிறது. இம்முறை ஆதாரமில்லை என்று திருப்ப முடியாது. அடுத்த செவ்வாய்க்கிழமை கோட்டாட்சியர் அலுவலகம் போகிறோம். பாட்டியும் வருகிறார்.