பாம்பன் பாலத்தைத் தூக்கினால் மட்டும் கப்பல் போய்விடாது

தூத்துக்குடியில் சரக்கு ஏற்றிய கப்பல் சென்னைக்குப் போக ஏன் இலங்கையைச் சுற்றுகிறது என்று ராமநாதபுரம் கரையில் யாரைக் கேட்டாலும் பதில் சேதுக் கால்வாயில்தான் போய் நிற்கும். 2005 ஜூலை 2-ல் மதுரையில் தொடங்கிவைத்த அந்தத் திட்டம் 12 மீட்டர் ஆழம் தோண்டி, 10 மீட்டர் டிராஃப்ட் (நீருக்குள் அமிழும் ஆழம்) உள்ள கப்பல்களை விடுவதாகச் சொன்னது. அதிகபட்சம் 424 கடல் மைலும் 30 மணி நேரமும் மிச்சமாகும் என்பது கணக்கு. வழக்குகளோடு வேலை நின்றது. அந்த வழி தனுஷ்கோடிக்குக் கிழக்கே ராமர் பாலத்தின் குறுக்கே திட்டமிட்டது. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவே, ரயில்பாலத்தின் கீழே இன்றைக்கும் கலங்கள் போய்வருகிற கால்வாய் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பேசுவதால்தான், இருக்கிற வழியைச் சரியாக வைத்துக்கொள்வது பற்றி யாரும் பேசுவதே இல்லை.

உலகக் கப்பல் தொழில் பெரிய கப்பலின் பக்கமே போய்க்கொண்டிருக்கிறது. முழுச் சுமையில் 16 மீட்டர் வரை அமிழும் கன்டெய்னர் கப்பல்களுக்குக் கொழும்பும் விழிஞ்ஞமும் இருக்கின்றன. பாம்பன் அந்தப் போட்டியில் இல்லை. இங்கே ஆழம் நான்கு மீட்டருக்குள். இதில் போவது பார்ஜ் (தட்டையான சரக்குக் கலம்), அதை இழுக்கும் டக், மணல் தோண்டும் கலம், ரோந்துக் கப்பல், பாய்மர யாட், ஆழ்கடல் விசைப்படகு. கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதனால் கரை மாறிப் போகும் படகுகளுக்கு இந்தக் கால்வாய் பெரிய உபகாரம். இலங்கையைச் சுற்றும் டீசலை அந்தப் படகுகள் எங்கே போய்த் தேடும்?

2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய ரயில்பாலத்தின் நடுத் துண்டு 72.5 மீட்டர் நீளம். அது 17 மீட்டர் உயர்ந்தால் கீழே 22 மீட்டர் இடைவெளி கிடைக்கிறது. 1914-ல் திறந்த பழைய பாலத்தில் ஆட்கள் நெம்புகோல் தள்ளித்தான் இரண்டு பக்கமும் விரியும். இப்போது மோட்டாரில் சில நிமிடங்களில் வேலை முடிகிறது. பக்கத்தில் 1988-ல் வந்த சாலைப்பாலம் அசையாமல் நிற்கிறது, அதைத் தூக்க முடியாது. ஆகவே உயரத்துக்கு ஒரு வரம்பு எப்போதும் உண்டு. ஆனால் உயரத்தைவிட ஆழம்தான் அதிகம் தொந்தரவு தருவது. உயரம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் எல்லாரும் அதையே அளக்கிறார்கள்.

இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஆழம் போதாது என்று பேலஸ்ட் தண்ணீரை (கப்பல் நிலையாக நிற்க டேங்கில் ஏற்றிய தண்ணீர்) வெளியேற்றி ஒரு மீட்டர் மிதக்கவிட்டால், மாஸ்ட்டும் (கம்பம்) ஒரு மீட்டர் மேலே போகும். ஏஜென்ட் கொடுக்கிற தாளில் டிராஃப்ட் ஒரு நாளையதும், ஏர் டிராஃப்ட் (நீர்மட்டத்திலிருந்து கலத்தின் உச்சிவரை உள்ள உயரம்) வேறொரு நாளையதுமாக இருப்பது சகஜம். கடக்கப்போகும் நிலையில், அதே சுமையில் இரண்டையும் அளந்து எழுத வேண்டும். முன்னும் பின்னும் டிராஃப்ட் சமமாக இருக்கும்படி டேங்குகளைச் சரிசெய்வது நல்லது. பின்பக்கம் அரை மீட்டர் தாழ்ந்திருந்தால் கால்வாயில் அந்த அரை மீட்டர் வீண்.

இன்னொரு கணக்கு ஓடும்போதுதான் தெரியும். ஆழம் குறைந்த நீரில் கப்பல் வேகமெடுத்தால் உடம்பு கீழே அமிழும். இதற்கு ஸ்க்வாட் என்று பெயர். பாரஸ் சூத்திரப்படி, கப்பல் வயிற்றின் வடிவ எண்ணை நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கிலான வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, திறந்த நீரில் 100-ஆலும் ஒடுங்கிய கால்வாயில் 50-ஆலும் வகுத்தால் மீட்டரில் விடை வரும். பெட்டி மாதிரி இருக்கும் பார்ஜுக்கு வடிவ எண் சுமார் 0.85. ஒடுங்கிய நீரில் 4 நாட் வேகத்தில் 27 சென்டிமீட்டர் அமிழும், 6 நாட்டில் 61 சென்டிமீட்டர், 8 நாட்டில் ஒரு மீட்டருக்கு மேல். நின்றபோது அடியில் 80 சென்டிமீட்டர் தண்ணீர் காட்டிய பார்ஜ், 'சீக்கிரம் தாண்டிடலாம்' என்று 8 நாட் போட்டால் மணலில்தான் உட்காரும்.

ஒலியால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர் காட்டும் எண்ணிலும் ஒரு கண் வேண்டும். அது கீலுக்கு (கலத்தின் அடிமுதுகு) கீழே உள்ள ஆழமா, கருவி பொருத்திய இடத்துக்குக் கீழே உள்ளதா, நீர்மட்டத்திலிருந்தா என்று அமைப்பில் பார்த்துக்கொள்ளாவிட்டால், இல்லாத ஒன்றரை மீட்டரை நம்பிப் போவோம். சங்கிலியோ கயிற்றில் கட்டிய ஈயக் குண்டோ போட்டு ஒரு தடவை சரிபார்ப்பது ஐந்து நிமிட வேலை. வரைபடத்திலும் அதே கதைதான். பழைய எவரெஸ்ட் நில அளவை அடிப்படையில் போட்ட படத்தில் ஜி.பி.எஸ். புள்ளியை அப்படியே குத்தினால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். அந்த நூறு மீட்டருக்குள்தான் இங்கே வழியும் பாரும் (கடலடிப் பாறை) இருக்கின்றன.

காற்றும் நீரோட்டமும் காலத்துக்குக் காலம் மாறும். வாடைக் (வடக்குக் காற்று) காலத்தில் வடகடலிலிருந்து (பாக் விரிகுடா) தென்கடலுக்கு (மன்னார் வளைகுடா) தண்ணீர் பாயும், சோழகக் காற்றுக் (தெற்குக் காற்று) காலத்தில் எதிர்ப்பக்கம். நீரோட்டத்தை எதிர்த்துப் போகும் கலத்துக்குச் சுக்கான் நன்றாகப் பிடிக்கும், கரையிலிருந்து பார்த்தால் மெதுவாகத்தான் நகரும், நிறுத்தவும் முடியும். கூட ஓடும் நீரோட்டத்தில் சுக்கானுக்குத் தண்ணீர் அழுத்தம் குறைவு. வேகத்தைக் குறைத்தால் திரும்பாது, கூட்டினால் அமிழும். ஆகவே வாடையில் வடக்கிலிருந்து தெற்கே வரும் டக்-பார்ஜ் ஜோடிதான் மிக ஆபத்தானது. இழுவைக் கயிற்றை நீளமாக விட்டால் பார்ஜ் வால் மாதிரி வீசி, தூணைத் தேடிப் போகும். கால்வாய்க்கு முன்பே கயிற்றைக் குறுக்கியாக வேண்டும். கலம் சின்னதென்றால் டக்கை அதன் பக்கத்தில் கட்டிப் போவது இன்னும் நல்லது.

காத்திருக்கும் நேரமே பெரிய கண்டம். துறைமுக அலுவலகத்தில் பதிவுச் சான்று, அளவுகள், ஆட்கள் பட்டியல் கொடுத்து, கட்டணம் கட்டி, உள்ளூர் பைலட்டை (வழிகாட்டி மாலுமி) பேசி, ரயில்வே ரயில் இல்லாத நேரத்தை ஒதுக்கும் வரை நங்கூரத்தில் கிடக்க வேண்டும். வாடையில் பாலத்துக்கு வடக்கே நிற்பவனுக்குக் காற்று பாலத்தை நோக்கித்தான் தள்ளும். 2013 ஜனவரி 13-ல் கடற்படைக் கலம் ஒன்று மோதி ரயில்பாலம் சேதமானது நம் கரையில் யாருக்கும் மறக்காது. நங்கூரச் சங்கிலியை ஆழத்தின் ஐந்து ஆறு மடங்கு விட வேண்டும் என்பது பாடம். இங்கே ஆழம் 4 மீட்டர் என்று 24 மீட்டர் விடுகிறார்கள். சங்கிலி இறங்கும் துளை நீருக்கு மேல் 3 மீட்டரில் இருந்தால் கணக்கு 7 மீட்டரிலிருந்து தொடங்க வேண்டும், அதாவது 42 மீட்டர். காற்று ஏறுகிற நாளில் இன்னும் கூடுதலாக. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணத் தயாராக, இரண்டாம் நங்கூரத்தைக் கட்டு அவிழ்த்து வைத்திருக்க வேண்டும். தெற்கே குந்துகால் பக்கம் நிற்பவர்கள் குருசடைத் தீவை ஒட்டிய பாரில் நங்கூரம் போடக் கூடாது. அது 1986-ல் அறிவித்த தேசியப் பூங்காவைச் சேர்ந்த பவளம். நங்கூரமும் பாறையில் சிக்கினால் எளிதில் வராது.

ஏற்றம் வற்றம் இங்கே ஒரு மீட்டருக்கும் குறைவு. ஏற்றம் பெரிதாக இருக்கும் துறைமுகங்களில் அது கப்பலை இரண்டு மூன்று மீட்டர் தூக்கிக் கொடுக்கும், பாம்பனில் அந்த உதவி சொற்பம். அதனால் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே, உச்சத்துக்குக் கொஞ்சம் முன்னால் நுழைய வேண்டும். அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தின் உச்சியில் போய்த் தரைதட்டினால், அதே அளவு தண்ணீர் வர இரண்டு வாரம் ஆகலாம்.

தட்டிவிட்டால் முதலில் கை போவது ஃபுல் ஆஸ்டர்ன் (முழு வேகத்தில் பின்னோக்கி) பக்கம். அதைச் செய்யாதீர்கள். புரொப்பல்லர் கிளறும் மணல் அடியில் குவியும், இன்ஜினைக் குளிர்விக்கும் கடல்நீர்க் குழாயில் ஏறும், இன்ஜின் சூடாகி நின்றுவிடும். வடகடலில் கடற்புல் நிறைய இருப்பதால் அந்தத் தண்ணீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் வேறு அடைத்துக்கொள்ளும். உள்ளே நுழைவதற்கு முன்பே ஸ்ட்ரெய்னரைக் கழுவி, மாற்று ஸ்ட்ரெய்னரையும் தயாராக வைத்திருப்பது நல்ல பழக்கம். தட்டிய பிறகு செய்ய வேண்டியது: இன்ஜினை நிறுத்தி, எல்லா டேங்கிலும் அளவெடுத்து எங்காவது ஓட்டையா என்று பார்ப்பது, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஆழம் பார்த்து எந்தப் பக்கம் தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது, ஆழமான பக்கம் சின்னப் படகில் நங்கூரம் கொண்டுபோய்ப் போட்டு, கலம் இன்னும் மணல்மேல் தள்ளப்படாமல் தடுப்பது. அப்புறம்தான் பேலஸ்ட்டை மாற்றி, டக் வந்தால் வந்த வழியே பின்னுக்கு இழுப்பது.

பாம்பனுக்குப் பெரிய செலவு எதையும் கேட்கவில்லை. காற்று திரும்பும் ஒவ்வொரு பருவமும் மணலை இடம் மாற்றுகிறது. வாடை ஓய்ந்ததும் ஒருமுறை, சோழகம் ஓய்ந்ததும் ஒருமுறை ஆழம் அளந்து, அந்த எண்களைப் பைலட்டுகளுக்கும் ஏஜென்டுகளுக்கும் கொடுத்தால் போதும். பாலத்தின் இரண்டு பக்கமும் தூரத்திலிருந்தே தெரியும்படி நீர்மட்ட அளவுகோல் ஒன்று நின்றால் பாதி வாக்குவாதம் குறையும். ரயில்வேயிடம் நேரம் வாங்கும்போது ஏற்ற நேரத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும். தண்ணீர் வற்றும் நேரத்தில் பாலத்தைத் தூக்கிக் கொடுத்தால் யாருக்கு என்ன பிரயோசனம்?

பாம்பன், தங்கச்சிமடம் படகுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கப்பல் போகும் நாளில் கால்வாயில் வலை விட வேண்டாம். முன்னால் ஓடிப்போகவும் வேண்டாம், அவர்களால் உடனே நிற்க முடியாது. புரொப்பல்லரில் வலை சுற்றிய டக் நடுவழியில் நின்றால், அது இழுத்துவரும் பார்ஜ் பாலத்துக்கும் உங்கள் படகுக்கும் ஒன்றுபோலவே ஆபத்து.