அப்பாவின் இடது கால்

ஆகஸ்ட் 16, இரவு

பெசன்ட் நகர். வேளாங்கண்ணிக்கு நடந்து போக மாலை போட்டாயிற்று. காவி வேட்டி அப்பாவுக்குப் பொருந்துகிறது. எனக்கு இரவல் மாதிரி இருக்கிறது. குழுவில் பாதிப் பேர் ராயபுரம், காசிமேட்டு ஆட்கள். மாதா வண்டிக்கு சீரியல் செட் போட்டிருக்கிறார்கள், ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேல் ஜெபமாலை சொன்னோம். சுகர்காரர்களுக்கான மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு என் பையில் இருக்கிறது, அவர் காலில் இல்லை. கிளம்பும்போதே சண்டை வேண்டாம்.

ஆகஸ்ட் 17

கோவளம். பகல் முழுக்கப் பந்தலில் படுத்திருந்தோம். எல்லாரும் தூங்க, எனக்கு அந்த நைலான் இழையே ஞாபகம். டாக்டர் அதை உள்ளங்காலில் அங்கங்கே வைத்து அழுத்தினார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "குத்துங்க டாக்டர், ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார். இழை அப்போது அவர் காலில் வளைந்து நின்றுகொண்டிருந்தது. வலது கால் பரவாயில்லை. இடதில் கட்டைவிரலுக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை.

சுகர் நரம்பைத் தின்றால் புண் வலிக்காது. வலிக்காத புண்தான் காலை வாங்கும்.

சாயங்காலம் பேசி முடித்தோம்: பகலில் செருப்பு, இருட்டில் வெறுங்கால். "வெறுங்காலோட வரேன்னுதான் மாதாகிட்ட சொன்னேன், இருபத்திநாலு மணி நேரமும்னு சொல்லலியே" என்று வழியை அவரே கண்டுபிடித்தார். துறைமுகத்தில் யூனியனில் இருந்தவர், பேரம் தெரியும். ராத்திரி டார்ச் அடித்துக் காலைப் பார்ப்பேன் என்பது என் நிபந்தனை.

ஆகஸ்ட் 18

மாமல்லபுரம். கால் சரி. தம்பி போன் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 19

பாலாறு தாண்டி ஒரு பள்ளிக்கூட வராந்தா.

இரண்டரைக்கு எழுப்பிவிட்டார்கள். அந்த நேரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரியும் நாங்களும்தான். முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர், ஒற்றை வரிசை. அப்பா முன்னால், நான் பின்னால். முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால்தானோ என்னவோ, பேசினார். வீட்டில் "சாப்டியா", "கரண்ட் பில் கட்டியாச்சா" தவிர நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

தாத்தா அவரைப் பத்து வயதில் கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டு போனாராம். ராத்திரி. வாட்ச் கிடையாது. வலையை விட்டதும் தாத்தா ஜெபமாலையைத் தொடங்குவார், ஐம்பத்து மூன்று அருள் நிறைந்த மரியேயும் முடிந்தால் வலையை இழுக்க வேண்டும். பயத்தில் இவர் வேகமாகச் சொன்னால் தாத்தா நிறுத்தி முதல் மணியிலிருந்து தொடங்குவாராம். "எனக்கு பக்தி வந்ததா பயம் வந்ததான்னு இன்னிக்கும் தெரியல" என்றார். அப்புறம் கல்பாக்கம் விளக்குகள் தெரிந்ததும் அணு உலை பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

என்னை ஏன் கடலுக்குக் கூட்டிப்போகவில்லை என்று கேட்க நினைத்தேன். துறைமுக வேலை, மூன்று ஷிப்ட். பதில் தெரியும். இருந்தாலும் கேட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 20

சுகர் இறங்கினால் கொடுக்கும் கல்கண்டு தீர்ந்துவிட்டது. கடப்பாக்கத்தில் வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 21

மரக்காணம். இரண்டு பக்கமும் உப்பளம், கண் கூசுகிறது. யாரோ மோர் கொடுத்தார்கள், யாரோ தர்பூசணி. இந்த ஊர்களில் நெற்றியில் திருநீறு பூசியவர்கள்தான் எங்களை உட்காரவைத்துச் சோறு போடுகிறார்கள்.

மாலை ஜெபத்தில் லூக்கா பதினைந்து வாசித்தார்கள். ஊதாரி மைந்தன். குழுத் தலைவர் இளையவனைப் பற்றியே பேசினார், எல்லாரும் அவனைப் பற்றித்தான் பேசுவார்கள். பன்றிக்குப் போட்ட நெற்று, மோதிரம், கொழுத்த கன்று. மூத்தவன் வயலிலிருந்து வருகிறான். வீட்டில் என்ன விசேஷம் என்று வேலைக்காரனைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறான். இத்தனை வருஷம் உழைத்தும் நண்பர்களோடு விருந்து வைக்க எனக்கு ஓர் ஆட்டுக்குட்டி தந்ததுண்டா என்கிறான். நியாயமான கேள்வி. அப்பன்காரன் வெளியே வந்து கெஞ்சுகிறான், சரி. மூத்தவன் உள்ளே போனானா இல்லையா? லூக்கா எழுதவில்லை.

அப்பா கண்ணை மூடியிருந்தார். உதடு அசைந்தது. என்ன வேண்டுதல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்? இன்சுலின் வாங்குவது நான், ஈ.சி.ஜி.க்கு லீவு போட்டது நான், நடுரோட்டில் உள்ளங்காலுக்கு டார்ச் அடிப்பது நான். வேண்டுதல் மட்டும் தம்பிக்குப் போகிறது.

கால் சரி.

ஆகஸ்ட் 22

காலாப்பட்டு. மழை. வேட்டி காயவில்லை. யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 24

கடலூர். முள்.

வேலிக்காத்தான் முள், அரை அங்குலம் இருக்கும். எப்போது ஏறியதோ. கட்டைவிரலுக்குக் கீழே கறுப்புப் புள்ளி மாதிரி இருந்தது, அழுக்கு என்று ஈரத்துணியால் துடைத்தேன், போகவில்லை. நகத்தால் நெருடினால் கெட்டியாக ஒரு முனை. ஊக்கை மெழுகுவர்த்தியில் காட்டி, சுற்றியிருந்த தோலை விலக்கி இழுத்தேன். முதலில் வரவில்லை, பிறகு முழுசாக வந்தது. பின்னாலேயே ஒரு சொட்டு, ரத்தம் பாதி சீழ் பாதி. அப்பா அதுவரை பக்கத்து ஆளிடம் ஐஸ் விலை பேசிக்கொண்டிருந்தார். கால் என் மடியில் இருந்ததே அவருக்கு மறந்துபோயிருந்தது.

பெட்டாடின் வைத்துக் கட்டினேன். "என்னடா, பாதம் கழுவ இது என்ன பெரிய வியாழனா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி ராத்திரியும் செருப்பு என்று சொல்லிவிட்டேன். பதில் இல்லை.

ஆகஸ்ட் 25

சிதம்பரம். செருப்பு போட்டுக்கொண்டார். முகம் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 26

விடிகாலையில் கொள்ளிடம் பாலம். ஆற்றில் தண்ணீர் போகிறது. அப்பா பாலத்தின் பாதியில் நின்று நீரோட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல வலை போட்டா நிக்காது" என்றார். சமாதானம் ஆகிவிட்டார் என்று அர்த்தம்.

சீர்காழியில் நல்ல இட்லி. புண் ஓரம் சிவப்பு.

ஆகஸ்ட் 27

தரங்கம்பாடி. குழு சாப்பிட்டுப் படுத்தது. அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை, புது எருசலேம் ஆலயத்தைப் பார்க்கலாம் என்றார். 1718இல் கட்டியது. ஜெர்மன் லுத்தரன் போதகர் சீகன்பால்க் 1706இல் இந்தக் கடற்கரையில் வந்து இறங்கி, மணலில் எழுத்து பழகும் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் கற்றவர். புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்துக் கொண்டுவந்தது 1715இல். இறக்கும்போது வயது நாற்பதுகூட இல்லை. ஆலயத்துக்குள்தான் அடக்கம்.

அப்பா சுத்தக் கத்தோலிக்கர். லுத்தரன் கோயிலில் தீர்த்தத் தொட்டியைத் தேடி, இல்லை என்றதும் வெறும் கையால் சிலுவை போட்டுக்கொண்டார். "அவங்க அப்பா அம்மால்லாம்?" என்று கேட்டார். சின்ன வயதிலேயே போய்விட்டார்கள் என்றேன். "அதான் இவ்ளோ தூரம் வந்துட்டாரு."

அப்புறம், கேட்காமலேயே: "உன் தம்பி இருக்கற ஊருல கோயில் இருக்காம். போறானான்னு தெரியல."

நான் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 28

நாகூர். தர்கா பக்கம் ஒரு பாய் பேரீச்சம்பழ டப்பாவை நீட்டினார். அப்பாவுக்கு வேண்டாம், சுகர் என்றேன். அவர் உடனே உள்ளே போய்ச் சுண்டல் கொண்டுவந்தார்.

மெடிக்கல் கேம்ப்பில் அந்தப் பெண் டாக்டர் கட்டைப் பிரித்ததும் மூக்கைச் சுளித்தார். நடக்கக் கூடாது, ஒரு அடிகூட. காய்ச்சல் வந்தால் நேராக ஆஸ்பத்திரி. ஊசி போட்டார்கள். நாகூரிலிருந்து நாகப்பட்டினம், அங்கிருந்து வேளாங்கண்ணி, அவ்வளவுதான் மிச்சம். நாளை சாயங்காலம் கொடியேற்றம்.

அப்பா சண்டை போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ராத்திரி பத்து மணி வாக்கில், "மிச்சத்தை நீ நட" என்றார்.

நான்தான் கூடவே நடந்துகிட்டு இருக்கேனே என்றேன்.

"அது எனக்குத் துணைக்கு. இது அவனுக்காக. வெறுங்காலா."

பதில் சொல்லாமல் வெளியே போய் டீ குடித்தேன். இரண்டு டீ. இப்படிக் கேட்க அவருக்கு எப்படி மனசு வந்தது என்று ஒரு பக்கம். வேறு யாரைக் கேட்பார் என்று ஒரு பக்கம்.

காய்ச்சல் இல்லை. 98.4.

ஆகஸ்ட் 29

பரவை. வேப்பமர நிழலில் ஐந்து நிமிஷம். மணி பதினொன்று, தார் கொதிக்கிறது. சாலையோர மணலில் நடக்கலாம் என்றால் அங்கே முள். அப்பா சாமான் ஏற்றிய டாடா ஏஸில் முன் சீட்டில், காலில் செருப்போடு, காலையிலேயே போய்விட்டார். போகும்போது தன் ஜெபமாலையையும் போனையும் என்னிடம் கொடுத்தார். போன் எதற்கு என்று கேட்டதற்கு, சார்ஜ் நிற்கவில்லை, உன் பவர் பேங்கில் போடு என்றார்.

இப்போதுதான் எடுத்துப் பார்க்கிறேன். தம்பியிடமிருந்து மிஸ்டு கால். இரண்டு.

போய்ச் சேர்ந்துவிட்டுக் கூப்பிடுகிறேன். அவன் கொஞ்சம் காத்திருக்கட்டும்.