அபர்வத் சரிவில்: குல்மர்க் நாட்குறிப்பு

பிப்ரவரி 9

காஷ்மீரின் குல்மர்க்கில், அபர்வத் மலையில் ஸ்கீ போக வந்திருக்கிறோம். நேற்றிலிருந்து விடாமல் பனி கொட்டுகிறது. மலைமேல் ஏற்றும் கேபிள் கார், அதாவது கோண்டோலாவின் மேல் கட்டம் மூடியாயிற்று. எங்கள் கைடு தங்மர்க்காரர். எல்லோரும் பாய் என்றே கூப்பிடுகிறோம். அவர் எங்களைச் சும்மா உட்கார விடவில்லை. ஹோட்டலுக்குப் பின்னால் ஒரு டிரான்ஸீவரை, அதாவது புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவியை, புதைத்துவிட்டுத் தேடச் சொன்னார். பனியில் புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுக்க வேண்டும். அதற்குமேல் மூச்சுத் திணறிப் போய்விடுவார்கள். கீழிருந்து ஆள் வரும்வரை அந்த நேரம் காத்திருக்காது. கூட வருகிறவர்தான் காப்பாற்ற வேண்டும். இந்தப் பயிற்சியை யாராவது ஏனோதானோ என்று செய்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பிப்ரவரி 11

வானம் தெளிந்தது. மேலே போய்ப் பனி அடுக்குகளைப் பார்க்கக் குழி வெட்டினோம். இந்த முறை சில்லை கலானில், அதாவது கடுங்குளிரின் அந்த 40 நாளில், பனி சரியாக விழவில்லை. பனி மெலிசாக இருக்கும்போது மேலே கடுங்குளிர், தரைப்பக்கம் கதகதப்பு. அந்த வித்தியாசத்தில் அடிப்பனி ஒட்டாத மணிகளாக மாறிவிடும். பாய் ஒரு பிடி அள்ளிக் காட்டினார். ரவை மாதிரி விரலிடுக்கில் உதிர்ந்தது. அதன்மேல்தான் புதுப்பனி இடுப்பளவு உட்கார்ந்திருக்கிறது.

90 செ.மீ. அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஓரத்தில் மண்வாரியை வைத்துத் தட்டினார். மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்பது முறை. முழங்கைத் தட்டு ஆரம்பித்ததுமே முழுத் துண்டும் வழுக்கி வந்தது. 30 டிகிரிக்கு மேல் எந்தச் சரிவும் வேண்டாம் என்று முடிவு.

பிப்ரவரி 12

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். கோண்டோலாவுக்கு அடியிலுள்ள பெரிய சரிவில்தான் ரோந்துக்குழு வெடி வைத்து ஆபத்தான பனியை இறக்கிவிடும். அவர்கள் பார்த்துக்கொள்ளும் பகுதியின் எல்லையைத் தாண்டினால் நம் பாடு. நாங்கள் தாண்டியது சாய்வு குறைந்த ஒரு முகடு வழியாக. ஒருவர் போய்ப் பத்திரமான இடத்தில் நின்று கை காட்டிய பிறகே அடுத்தவர்.

மூன்றாவதாகப் போனவர் பாதியில் இருந்தபோது காலுக்கடியில் 'பொத்' என்று ஒரு சத்தம். அவருடைய ஸ்கீ முனையிலிருந்து ஒரு விரிசல் மேல்நோக்கி ஓடியது. தலைக்கு மேலே செங்குத்தான பகுதி அப்படியே அறுந்தது. பலவீனமான அடுக்கு மேலேயும் கீழேயும் ஒரே தொடர்ச்சி. கீழே அசைத்தால் மேலே கிளம்பிவிடும். பாய் "வலது! வலது!" என்று கத்தினார். மூன்றாமவர் திரும்பி முகட்டில் ஏறி விழுந்தார். பனி அவருடைய ஒரு ஸ்கீயை மட்டும் பிடுங்கிக்கொண்டு பக்கத்து ஓடையில் இறங்கிப் போயிற்று.

பேர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணினோம். எல்லோரும் இருந்தோம்.

அதிர்ஷ்டம் என்று ஹோட்டலில் சொல்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. சேர்ந்து போயிருந்தால் இரண்டு பேராவது ஓடைக்குள் கிடந்திருப்பார்கள். இங்கே பக்கத்திலுள்ள கிலன்மர்கில் 2010 பிப்ரவரி 8 அன்று பனிச்சரிவில் ராணுவ வீரர்கள் 17 பேர் இறந்தார்கள்; பயிற்சிக்கு வந்தவர்கள். இந்த மலை ஆள் பார்ப்பதில்லை.

பிப்ரவரி 13

காலையில் ரோந்துக்குழுவிடம் இடத்தைச் சொல்லி, படங்களையும் கொடுத்தோம். மற்ற குழுக்கள் அந்தப் பக்கம் போகும் முன் தெரிய வேண்டுமே. பைனாகுலரில் அறுந்த விளிம்பு நேர்கோடாகத் தெரிகிறது. ஸ்கீ கிடைக்கவில்லை, தேடப் போக வேண்டாம் என்று பாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஸ்கீயை இழந்தவருக்கு வாடகை ஸ்கீ எடுத்தாயிற்று. நாளை மரங்களுக்கு இடையே, பாபாரேஷி பக்கம், சாய்வு குறைவான வழியில் இறங்குகிறோம்.