தர்ன் தாரன் பக்கத்தில் மூன்று நாள்

பெங்களூரில் என்னோடு வேலை பார்க்கும் பஞ்சாபி நண்பர் நான்கு வருடமாக லோஹ்ரிப் பண்டிகைக்குத் தன் ஊருக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். லோஹ்ரி வருவது ஜனவரி 13, நம் போகி சமயம். அதனால் ஒவ்வொரு முறையும் பொங்கலைக் காரணம் சொல்லித் தள்ளிப்போட்டு வந்தேன். இந்த முறை அவருடைய அண்ணனுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. குழந்தையின் முதல் லோஹ்ரி அங்கே பெரிய விசேஷம். சரி, இந்த வருடப் பொங்கல் அங்கேதான் என்று நானும் மனைவியும் கிளம்பிவிட்டோம்.

டில்லியிலிருந்து அம்ரித்சர் ஏறக்குறைய 450 கிலோமீட்டர். மூடுபனியால் ரயில் ஊர்ந்துதான் போனது. லூதியானா தாண்டி சட்லெஜ் பாலம் வந்தபோதுதான் வெயிலைப் பார்த்தோம். கண்ணுக்கெட்டிய தூரம் கடுகுப் பூவாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். எங்கு பார்த்தாலும் பச்சைக் கோதுமைதான், முழங்கால் உயரம்கூட வரவில்லை. கடுகு வரப்போரமாக, பச்சைப் புடவைக்கு மஞ்சள் கரை வைத்தது போல ஓடுகிறது.

நண்பரின் ஊர் அம்ரித்சரிலிருந்து தர்ன் தாரன் போகும் வழியில் இருக்கிறது. வாசலில் இறங்கியதும் நண்பரின் அம்மா என் மனைவியைக் கட்டிக்கொண்டார். எல்லோருக்கும் அவர் பீஜி. "ஜீ ஆயா நூ" என்று வரவேற்றுவிட்டு என் தலையைத் தடவி, "ஆ புத்தர்" என்றார். முதலில் என் காதில் புத்தர் பெருமானாகவே விழுந்தது. 'வா பிள்ளாய்' என்று அர்த்தமாம். நாற்பத்தைந்து வயதில் தலையைத் தடவி யாராவது பிள்ளாய் என்றால் மனம் இளகத்தான் செய்கிறது.

பீஜிக்குப் பஞ்சாபி மட்டும்தான் தெரியும். என் மனைவிக்குத் தெரிந்தது தட்டுத்தடுமாறும் ஹிந்தி. ஆனாலும் அன்று சாயங்காலம் முழுக்க இரண்டு பேரும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. உள்ளே சர்சோன் கா சாக் வெந்துகொண்டிருந்தது. கடுகுக் கீரையோடு பாலக்கும் பத்துவாவும் சேர்க்கிறார்கள். பத்துவா வேறொன்றுமில்லை, நம் ஊர் சக்கரவர்த்திக் கீரைதான். விறகடுப்பில் மணிக்கணக்காக வெந்த பிறகு மர மத்தால் கடைந்து, கொஞ்சம் மக்காச்சோள மாவு தூவி, மறுபடியும் கடைகிறார்கள். மத்தைப் பார்த்ததும் மனைவி கையை நீட்டி வாங்கிக் கடைய ஆரம்பித்துவிட்டாள். அதன்பின் அவர்களுக்குப் பாஷை தேவைப்படவில்லை.

மக்காச்சோள மாவைக் குழவியால் தேய்க்க முடியாது, விரிசல் விட்டுவிடும். வெந்நீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கைகளுக்கு நடுவே தட்டித் தட்டியே வட்டமாக்குகிறார் பீஜி. எங்கள் அம்மா கேழ்வரகு அடை தட்டுகிற அதே சத்தம். கல்லில் வெந்து எடுத்ததும் மேலே ஒரு எலுமிச்சை அளவு வெண்ணெய். மூன்றாவது ரொட்டிக்குத் தட்டைக் கையால் மூடிக்கொண்டேன். பீஜி ஒன்றும் சொல்லாமல் என் கையை மெதுவாக விலக்கி ரொட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார். நான்காவதும் அப்படித்தான். படுக்கப் போகும்போது ஒரு டம்ளர் எருமைப் பால், கூடவே ஒரு துண்டு வெல்லம்.

மறுநாள் ராத்திரி லோஹ்ரி. முற்றத்தில் சாண வறட்டியும் விறகும் அடுக்கித் தீ மூட்டினார்கள். வருகிறவர்களெல்லாம் எள்ளையும் வேர்க்கடலையையும் சோளப்பொரியையும் தீயில் போட்டுவிட்டுக் குழந்தையை வாழ்த்தினார்கள். தெருப் பிள்ளைகள் துல்லா பட்டியின் கதையைப் பாடிக்கொண்டு வந்தார்கள். அக்பர் காலத்தில் ஏழைப் பெண்களைக் காப்பாற்றித் தானே முன்நின்று கல்யாணம் செய்து வைத்தவன் என்று அவனைப் பற்றிச் சொல்கிறார்கள். பாடி முடித்ததும் பிள்ளைகளின் துணிப்பைகளில் ரேவடியும் கடலையும் கொட்டினார் பீஜி. ரேவடி என்பது எள் ஒட்டிய சின்ன மிட்டாய். எனக்கும் இரண்டு கை கொள்ளாமல் கிடைத்தது.

மூன்றாம் நாள் பீஜியும் எங்களோடு அம்ரித்சர் வந்தார். பொற்கோயிலுக்குப் படியேறிப் போவதில்லை, இறங்கிப் போக வேண்டும். நம் கோயில்களில் ஏறியே பழகிய காலுக்கு அது புதிது. தலையைத் துணியால் மூடிக்கொண்டு இறங்கினால் குளத்து நடுவே தங்கம். அந்தத் தங்கக் கோயிலான ஹர்மந்திருக்கு நான்கு பக்கமும் வாசல், யாரும் எந்தத் திசையிலிருந்தும் வரலாம் என்று. ரொம்ப நேரம் அந்தத் தண்ணீர் ஓரமாகவே உட்கார்ந்திருந்தோம்.

பிறகு லங்கர். தினமும் 50,000 பேருக்கு மேல் சாப்பிடுகிற பந்தி. தரையில் வரிசையாக உட்கார்ந்தோம். பருப்பு, காய், பாயசம் எல்லாம் தட்டில் விழுந்தன. ரொட்டி வந்தபோது பழக்கத்தில் ஒரு கையை நீட்டினேன். பரிமாறிய பெரியவர் கொடுக்காமல் சிரித்துக்கொண்டே நின்றார். "ரெண்டு கையையும் நீட்டுங்க, பிரசாதம்" என்றார் நண்பர் பக்கத்திலிருந்து. நீட்டினேன். பெரியவர் குனிந்து, என் உள்ளங்கைகளில் ரொட்டியை வைத்தார்.

சாப்பிட்டு எழுந்து பார்த்தால் பீஜியைக் காணோம். முன்பின் தெரியாத பெண்கள் கூட்டத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நாங்களும் போய் உட்கார்ந்தோம். சின்ன வயதிலிருந்தே அம்மாவோடு இங்கே வந்து உரிப்பாராம், நண்பர் மொழிபெயர்த்துச் சொன்னார். வீட்டில் அவர் என் கையை விலக்கிவிட்டு ரொட்டி வைத்தது எங்கே கற்ற பழக்கம் என்று அப்போது புரிந்தது. கண் கலங்கியது. பூண்டு என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டேன்.

நடக்கிற தூரத்தில் ஜாலியன்வாலா பாக். 1919 ஏப்ரல் 13, வைசாகி நாள். சுவரில் குண்டு துளைத்த இடங்களைக் கட்டம் கட்டிக் காட்டியிருக்கிறார்கள். அங்கே நாங்கள் யாரும் பேசிக்கொள்ளவில்லை.

கிளம்புகிற அன்று விடியற்காலை பம்புசெட்டில் குளித்தேன். வெளியே பல் கிட்டும் குளிர், குழாயில் வருவதோ வெதுவெதுப்பான நிலத்தடி நீர். தொட்டியிலிருந்து வெளியே வர மனமே இல்லை. பையில் கோதுமை மாவும் நெய்யும் சேர்த்துப் பிடித்த பின்னி உருண்டைகள், ஒரு துணியில் வெல்லம். வழிக்கு எத்தனை பராட்டா வேண்டும் என்று பீஜி விரலைக் காட்டிக் கேட்டார். ஆளுக்கு இரண்டு போதும் என்று நானும் விரலைக் காட்டினேன்.

ஜலந்தர் தாண்டியதும் பொட்டலத்தைப் பிரித்தோம். பன்னிரண்டு இருந்தன.