லமினேற் பண்ணின ஒப்பந்தம்

யாழ்ப்பாணம் துரையப்பா அரங்குக்கு வெளியில, பிளேன்ரீ ஆற முதல் தம்பி பையுக்கிருந்து ஒரு கடதாசியை எடுத்தான்.

உதைபந்தாட்ட ஒப்பந்தம். லமினேற் பண்ணி வைச்சிருக்கிறான்.

"அண்ணை, பாதிச் சீசனில விட்டிட்டாங்கள். மிச்சச் சம்பளம் வருமோ?"

என்ர விரல் ஒரு வரியில நிண்டுது: 'கழகம் விரும்பிய நேரத்தில் விடுவிக்கலாம்.' அதுக்குக் கீழ அவன்ர கையெழுத்து. நல்ல வடிவான கையெழுத்து.

உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் பீஃபாவின்ர வீரர் இடமாற்ற விதிகளில 17ஆவதின்படி, நியாயமான காரணமில்லாமல் ஒப்பந்தத்தை முறிக்கிற ஆள் நட்டஈடு கட்டோணும். ஆனா அந்த ஒரு வரி இருக்கே...

அமெரிக்கன் ஃபுட்போலில (அது கையால விளையாடுறது, விடுங்கோ) 'உத்தரவாதம்' எண்ட சொல்லுக்குத்தான் விலை. 2022இல டெஷோன் வாட்சன் எண்ட வீரருக்கு 5 வருஷத்துக்கு 23 கோடி டொலர், முழுக்க உத்தரவாதம். கனபேருக்கு அப்பிடியில்லை. கழட்டி விட்டால் உத்தரவாதமில்லாத காசு போச்சு.

"சம்பளம் வந்த பாங்க் சிட்டை, வாட்சப் மெசேஜ் ஒண்டையும் அழிச்சுப் போடாதை" எண்டன்.

தலையாட்டினான். லமினேற் எல்லோ, மடிக்கேலாது. பூட்ஸுக்கு மேல நிமிர்த்தி வைச்சுப் பையை இழுத்து மூடினான்.