கொழிஞ்சாம்பாறை நாட்குறிப்பு: எடைக் குறைப்பு அறுவையும் கள்ளும் கஞ்சியும்

2025 ஆகஸ்ட் 11, திங்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் இந்தக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து எடைக் குறைப்பு அறுவைக்குக் கோவைக்கோ திருச்சூருக்கோ போகிறவர்களுக்கு முதலில் கையில் கிடைப்பது 2 வார உணவுச் சீட்டு. நாளுக்கு 800 முதல் 1000 கலோரி, மாவுச்சத்து குறைவு. ஈரலின் இடது மடல் வயிற்றின்மேல் படுத்திருக்கிறது. கொழுப்பேறிக் கனத்த ஈரலைத் தூக்கிப் பிடித்தால்தான் வயிறு தெரியும்; தூக்கும்போது கிழிந்து ரத்தம் கசியவும் கூடும். அதைச் சுருக்கத்தான் இந்தப் பத்தியம். மட்டை அரிசிச் சோறு, புட்டு, மரவள்ளி எல்லாம் ஒதுங்கட்டும். முட்டை, மோர், பாசிப்பயறு, எண்ணெயில்லாக் குழம்பில் வெந்த மத்தி போதும். மது சொட்டுக்கூடக் கூடாது.

தினமும் குடிப்பவர் மட்டும் தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. 6 முதல் 48 மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் மனம் குழம்பலாம். அறுவை நாள் குறிக்கும் முன்பே, எவ்வளவு குடிக்கிறார் என்பதை மருத்துவரிடம் உள்ளபடி சொல்லிவிட வேண்டும். ‘எப்பவாச்சும்தாங்க’ என்று மறைப்பதால் கெடுதல் அவருக்குத்தான். வீட்டுக்காரம்மா கூடவே போய்ச் சொல்வது நல்லது.

ஆகஸ்ட் 14, வியாழன்

அறுவைக்குப் பிறகு முதல் 2 நாள் தெளிந்த நீராகாரம். 14 நாள் வரை பால், மோர், வடிகட்டிய பருப்புச் சாறு. 3, 4 வாரங்களில் மசித்தது. 5, 6 வாரங்களில் மென்மையாக வெந்தது. 8 வாரம் போல வழக்கமான சாப்பாடு. மருத்துவமனைக்கு மருத்துவமனை சில நாள் முன்பின் இருக்கும். அங்கே தந்த சீட்டுதான் கணக்கு.

தண்ணீருக்கு 30 மில்லி கொள்ளும் மூடி நல்ல அளவு. 15 நிமிடத்துக்கு ஒரு மூடி என்றால் 12 மணி நேரத்தில் 1,440 மில்லி உள்ளே போய்விடும். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், சாப்பிட்டபின் 30 நிமிடம் கழியட்டும்.

நம் ஊரில் தவறு நடப்பது கஞ்சியில். ‘உடம்புக்கு முடியல, கஞ்சி குடி’ என்று அம்மாமார் பாசத்தோடு ஊற்றித் தருவார்கள். கஞ்சியில் புரதம் கொஞ்சம்தான். நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும், முடி கொட்டும். திட உணவுக்கு வந்தபின் 2 முட்டையில் 12 கிராம், 100 கிராம் மீனில் 20, கால் லிட்டர் பாலில் 8, ஒரு பிடி பாசிப்பயறில் 7, ஆக 47. மீதிக்குப் புரோட்டீன் பவுடர்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எடைக் குறைப்பு அறுவையில் ஸ்லீவ், பைபாஸ் என்று இரண்டு வகை. ஸ்லீவில் வயிற்றின் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது 100 முதல் 150 மில்லி கொள்ளும் குழாய். பைபாஸில் (இதய பைபாஸ் அல்ல, வயிற்றுக்குச் செய்வது) 30 மில்லி பை மட்டும், அது நேரே சிறுகுடலோடு இணைக்கப்படும். முன்பு மது வயிற்றில் கொஞ்சம் தங்கும், அங்குள்ள நொதி ஒரு பங்கைச் சிதைக்கும். இப்போது நேரே சிறுகுடலுக்கு இறங்கி, சில நிமிடங்களிலேயே ரத்தத்தில் உச்சத்துக்கு ஏறுகிறது. இறங்கவும் கூடுதல் நேரம் பிடிக்கிறது. பைபாஸ்காரருக்கு ஒரு லார்ஜ் (60 மில்லி) பழைய இரண்டு லார்ஜுக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். வண்டி ஓட்டச் சட்டம் விடும் அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். ‘ஒண்ணுதான் போட்டேன்’ என்பவர் கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டும் முன்பே அதைத் தாண்டியிருப்பார்.

கலோரியும் சும்மா இல்லை. 42.8 சதவீதப் பிராந்தி 60 மில்லியில் சாராயம் (ஆல்கஹால்) சுமார் 20 கிராம், கலோரி 140. ஒரு குவார்ட்டரில் (180 மில்லி) 425. புரதம் துளியும் கிடையாது.

ஆகஸ்ட் 23, சனி

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இங்கே சித்தூர் தோப்புக் கள்ளு பிற மாவட்டங்களுக்கும் போகிறது. ‘கள்ளு உணவுதானே’ என்று கேட்பவர்களுக்கு: 5 சதவீதம் என்றாலே ஒரு லிட்டரில் 40 கிராம் சாராயம், அதாவது இரண்டு லார்ஜ். புளிக்கப் புளிக்க ஏறவும் செய்யும். நுரையில் உள்ள வாயு சின்ன வயிற்றை உப்பவைத்து வலி கொடுக்கும். கள்ளு ஷாப்பில் கப்பையும் (மரவள்ளி) மீனும் இடையிடையே கள்ளுமாகப் போகும்போது, சாப்பாட்டோடு நீர் சேர்க்காதே என்ற விதியும் அங்கேயே உடைகிறது. சாப்பாடு கரைந்து வழுக்கி இறங்குவதால் வயிறு நிறைந்த உணர்வு வராது. சிப்ஸ், மிக்சர் கணக்கில்லாமல் போகும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

இதைத் தனியாக எழுத வேண்டும். வாந்தி 2, 3 நாள் நிற்கவில்லை என்றால் தயமின் என்னும் பி1 சத்து தீர்ந்துகொண்டிருக்கும். உடம்பில் அதன் கையிருப்பு சில வாரத்துக்குத்தான். மது அதை இன்னும் வேகமாகத் தீர்க்கும். பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழம்புவது வந்தால் அன்றே மருத்துவமனை. அங்கே முதல் வாக்கியமாகவே ‘எடைக் குறைப்பு அறுவை செய்தவர்’ என்று சொல்லுங்கள். குளுக்கோஸ் டிரிப்புக்கு முன்போ கூடவோ தயமின் போக வேண்டும். குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் இருக்கும் கொஞ்சத்தையும் அது இழுத்துக்கொள்ளும். தள்ளாடுகிறவரைப் பார்த்து ‘குடிச்சிருக்கான், தூங்கட்டும்’ என்று விட்டால் மூளைக்குச் சேதம் நிலைத்துவிடும்.

வெறும் வயிற்றில் குடித்தவருக்குச் சர்க்கரை இறங்கினாலும் இதே தோற்றம்தான். குளுக்கோமீட்டரில் 70க்குக் கீழே காட்டினால், நினைவு இருந்தால் மட்டும் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸ்தான்.

செப்டம்பர் 5, வெள்ளி, திருவோணம்

இலையில் பாயசம் வரும். பைபாஸ் செய்தவர் ஒரு கிளாஸ் குடித்தால் 10 முதல் 30 நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரும்; இனிப்பு சிறுகுடலுக்குள் வேகமாக இறங்குவதால் வரும் இதற்கு டம்பிங் என்று பெயர். முதலில் பருப்பு, கூட்டு, மோர். இரண்டு ஸ்பூன் சோறு. பாயசம் நாக்கில் பட ஒரு ஸ்பூன். இருபது நிமிடமாவது மென்று சாப்பிடட்டும். மாமா, சித்தப்பா யாரும் ‘இன்னும் கொஞ்சம்’ என்று இலையில் போடாதீர்கள்.

இரவு ஒரு ரவுண்டுக்குக் கூப்பிடுவார்கள். முதல் 6 மாதமோ ஒரு வருடமோ தவிர்க்கச் சொல்வது மருத்துவ வழக்கம். பைபாஸுக்கு ஆயுளுக்கும் வேண்டாம் என்பது என் கருத்து. அமெரிக்காவில் 2012இல் வெளியான பெரிய ஆய்வில், குடிச் சிக்கல் உள்ளவர்கள் அறுவைக்கு முன் 7.6 சதவீதம், முதல் ஆண்டில் 7.3, இரண்டாம் ஆண்டில் 9.6. முதல் வருடம் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். எடை இறங்கி, உடம்பு லேசாகி, சீட்டை மடித்து வைக்கிற நேரத்தில்தான் கூடுகிறது. ஆகவே 12ஆம் மாதத்துக்குப் பிறகும் 3 மாதத்துக்கு ஒருமுறை எடையோடு, வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மில்லி என்பதையும் நோட்டில் எழுதுங்கள். பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் அப்போதும் தொடர வேண்டும்; இரும்பும் கால்சியமும் 2 மணி நேர இடைவெளியில்.